கோடும் கோர்ட்டுதான்

கோட்டு மேஸ்திரி பள்ளிக்கூடம் போனது ஐந்து வருடம். அதற்கப்புறம் ஒரு கல்லூரி வாசலை அவர் பார்த்தது, அதன் முன்னால் இருந்த வேகத்தடைக்கு வெள்ளை அடிக்கப் போன அன்றுதான். ஆனால் அந்தக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த இன்ஜினியர்கள் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, கையால் ஒரு கோடு போடுங்கள் என்றால் பத்தும் பத்துத் திசையில் போகும். மேஸ்திரி போட்ட கோட்டின் மேல் நூல் பிடித்துப் பார்த்தால் நூலுக்குத்தான் வெட்கம் வரும். பதின்மூன்று வயதில் சுண்ணாம்பு வாளி தூக்கத் தொடங்கியவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு. சாலை நடுவில் ஓடும் கோடு, ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும் கட்டம், தொழிற்சாலைத் தரையில் ஆள் நடக்கும் மஞ்சள் பாதை, கிடங்கில் பெட்டி அடுக்கும் சதுரம் எல்லாம் அவர் கை. சிபாரிசு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஒருவர் சொல்லி இன்னொருவர் கூப்பிட்டு வளர்ந்த பிழைப்பு. பெயர்தான் அவருக்குக் கடை.

அந்தப் பெயர் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆட்டம் கண்டது.

புதிதாகக் கட்டிய விளையாட்டு அரங்கம் அது. பச்சைப் பூச்சுப் பூசிய தரையில் இரண்டு பேட்மிண்டன் கோர்ட்டுகளுக்குக் கோடு போட்டு முடித்து, மேஸ்திரி ஒப்படைக்க வந்திருந்தார். மானேஜர் குனிந்து, ஒரு கண்ணை மூடிக் கோட்டைப் பார்த்தார்.

"ஒரு நூல் பிசகினாலும் கூப்பிடுங்க, பேரை மாத்திக்கிறேன்" என்றார் மேஸ்திரி.

"உங்க பேரே எனக்குத் தெரியாதே, மேஸ்திரின்னுதானே எல்லாரும் சொல்றாங்க" என்று மானேஜர் சிரித்தார். "அடுத்த வருஷம் ஆத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு அரங்கம் வருது. ஆறு கோர்ட்டு. அதுவும் உங்க கைதான்."

அரங்கத்தில் ஆட்டம் சொல்லிக்கொடுக்க வந்திருந்த கோச்சம்மா இரண்டு பேரைக் கூட்டிவந்து ஆடவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். விசில் போட்டால் சுவர் பதில் சொல்லும். ஒரு ஷட்டில் உயரமாகப் போய், பின்கோட்டின் வெள்ளை மேலேயே இறகை மேலே காட்டிக்கொண்டு விழுந்தது.

"அவுட்!" என்றார் மேஸ்திரி. தன் கோட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தன்னைவிட யாருக்கு உரிமை?

"இல்ல மேஸ்திரி. இன்."

"கோட்டைத் தொட்டுடுச்சேம்மா. கோடுன்னா சுவரு இல்லையா? சுவருல இடிச்ச வண்டி உள்ள நிக்குதுன்னு சொல்லுவோமா?"

"இது வண்டி நிறுத்துற இடம் இல்லையே. இங்க கோடும் கோர்ட்டுதான். கோட்டோட வெளி ஓரம் வரைக்கும் நம்ம இடம். அளவே வெளி ஓரத்துலேருந்து வெளி ஓரம் வரைக்கும்தானே எடுத்திருப்பீங்க? உங்களுக்குச் சொல்லணுமா!"

"தெரியாமலா" என்று மேஸ்திரி சிரித்தார். சிரிப்பு பாதியில் காய்ந்து ஒட்டிக்கொண்டது.

ஏனென்றால் அவர் உள் ஓரத்திலிருந்து உள் ஓரம் வரை அளந்திருந்தார். நாற்பத்தைந்து வருடமாக அப்படித்தான் அளந்திருக்கிறார். வண்டிக்கு இடம் விட வேண்டும் என்றால் கோட்டை விட்டுவிட்டு உள்ளளவுதான் கணக்கு. கிடங்கிலும் அப்படியே, ஆஸ்பத்திரியிலும் அப்படியே. பதின்மூன்று மீட்டர் நாற்பது என்று படத்தில் போட்டிருந்தது. அம்புக்குறியின் முனை கோட்டின் வெளி விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. படம் வரைந்த பையனுக்குக் கை நடுங்கியிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொல்லச் சொல்லி அவர் யாரையும் கேட்கவில்லை. கோடு போட எதற்குப் படிப்பு?

கோட்டின் அகலம் நாலு சென்டி. ஆக, நாலு பக்கமும் நாலு நாலு சென்டி கோர்ட்டு வெளியே தள்ளிப் போயிருந்தது. அவர் போட்ட எல்லைக் கோடு முழுவதும் ஆட்டத்துக்கு வெளியே கிடந்தது. அது அந்த அரங்கத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

மூன்றரை வாரத்தில், ஒரு சனிக்கிழமை, அரங்கத்தின் முதல் போட்டி. "அளந்து பார்க்க வெளியேருந்து யாராவது வருவாங்களாம்மா?" என்று மேஸ்திரி போகிறபோக்கில் கேட்டார்.

"சில சமயம் வருவாங்க, சில சமயம் வரமாட்டாங்க" என்றாள் கோச்சம்மா.

இதைவிட மோசமான பதில் ஒன்று உலகத்தில் இல்லை. வருவார்கள் என்றால் அன்றைக்கே மானேஜரின் காலைப் பிடித்திருக்கலாம். வரமாட்டார்கள் என்றால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கலாம்.

மறுநாள் விடிந்ததும் அவர் சட்டை மாட்டினார். மனைவி வாசற்கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"என்னங்க, இன்னைக்கு வேலை இல்லைன்னீங்க?"

"கோர்ட்டுக்குப் போறேன்."

"ஐயோ, கோர்ட்டுக்கா? என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"பந்து அடிக்கிற கோர்ட்டுடி. காலையில கிளாஸ் நடக்குது. சேரப்போறேன்."

அவள் அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். "டாக்டர் தலையால தண்ணி குடிச்சுச் சொல்லியும் தெருமுனை வரைக்கும் நடக்காத ஆளு! அந்த அரங்கத்துல என்னமோ இருக்கு. இருக்கட்டும், நான் கண்டுபிடிக்காமலா போயிடுவேன்?"

அவருடைய திட்டம் இதுதான். ஆட்டத்தின் விதிகளை முழுசாகக் கற்றுக்கொண்டால், எங்காவது ஒரு மூலையில் ஒரு விதி அவரைக் காப்பாற்றக் காத்திருக்கும். நாலைந்து சென்டி இப்படி அப்படி இருக்கலாம் என்று ஒரு வரி இருந்தால் போதும். அதுவரை கோட்டின் பக்கத்திலேயே இருந்து, யார் டேப்போடு வருகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் வகுப்பில் அவரோடு மூன்று பேர். ஒருவர் அவருடைய சகலை, மனைவியின் தங்கை கணவர், திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர், தொப்பையைக் கரைக்க வந்தவர். இன்னொருவர் பல் டாக்டர். மூன்றாவது, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்.

"சகலை! நீயா?" என்று திரைச்சீலைக்காரர் வாயைப் பிளந்தார். "கோடு போட்டவரே ஆட வந்துட்டா, திரை தைக்கிற நான் இனிமே வேஷம் போட்டுக்கிட்டு மேடையேற வேண்டியதுதான்."

முதல் நாள் பிடி. கோச்சம்மா மட்டையை நீட்டி, "ஒருத்தர் கையைக் குலுக்குற மாதிரி பிடிங்க" என்றாள். மேஸ்திரி ரோலர் பிடிக்கிற மாதிரி பிடித்தார். குலுக்குகிற கை, தள்ளுகிற கையாகவே இருந்தது. "இறுக்காதீங்க மேஸ்திரி, அது ஓடிப் போயிடாது. அடிக்கிற நேரத்துல மட்டும் விரல் இறுகணும்" என்றாள். பல் டாக்டருக்கு அது முதல் நாளே வந்துவிட்டது. பல் பிடுங்குகிறவருக்கு எப்போது இறுக்க வேண்டும் என்று தெரியாதா?

இரண்டாம் நாள் சர்வீஸ். இடுப்புக்குக் கீழே வைத்து, கீழிருந்து மேலே, குறுக்கே இருக்கிற கட்டத்துக்குள் போட வேண்டும். நம் பாயின்ட் இரட்டைப்படையாக இருந்தால் வலது கட்டத்தில் நின்று, ஒற்றைப்படையாக இருந்தால் இடது கட்டத்தில் நின்று போட வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது இரண்டு பக்கமும் பூஜ்யம். அதற்கு "லவ் ஆல்" என்று பெயர்.

"எல்லாரையும் நேசின்னு சொல்லிட்டுத்தான் சண்டையை ஆரம்பிக்கணுமா?" என்றார் சகலை.

"கல்யாணத்துலயும் அப்படித்தானே" என்றார் டீச்சர்.

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. பக்கக் கோட்டின் அருகே ஒரு கிளப் பையன் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஷூ லேஸ் கட்டுகிறான் என்று தெரிகிறவரை அவருக்கு மூச்சு வரவில்லை.

அடிகள் ஒவ்வொன்றாக வந்தன. பின்னாலிருந்து எதிராளியின் பின்கோடு வரை உயரமாக அனுப்புவது கிளியர். அதே கை வீச்சைக் காட்டி ஏமாற்றிவிட்டு, வலையைத் தாண்டியதும் பொத்தென்று விழவைப்பது டிராப். மேலிருந்து கீழே அறைவது ஸ்மாஷ். தோள் உயரத்தில் வலையை உரசிக்கொண்டு நேராக ஓடுவது டிரைவ். டிரைவ் மேஸ்திரிக்கு வந்துவிட்டது. நேராகப் போக வேண்டிய ஒன்றை அவர் கை கோணலாக விடுமா? பல் டாக்டரே இரண்டு முறை விலகி நின்று கைதட்டினார். கிளியர்தான் வரவில்லை. மணிக்கட்டு திரும்ப வேண்டும் என்றாள் கோச்சம்மா. நாற்பத்தைந்து வருடம் திரும்பாமல் இருக்கத்தான் அந்த மணிக்கட்டைப் பழக்கியிருந்தார் அவர்.

அதைவிடப் பெரிய தொல்லை கால். ஓடும்போது நடுக்கோடு வந்தால் ஒரு தாவல். சர்வீஸ் கோடு வந்தால் ஒரு தாவல். கால் பின்னி இரண்டு முறை கீழே விழுந்தார்.

"ஏன் சார் குதிக்கிறீங்க?" என்றாள் கோச்சம்மா. பிறகு புரிந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். "பெயின்ட் காஞ்சு பத்து நாளாச்சு. மிதிங்க, ஒண்ணும் ஆகாது!"

மிதிக்க முடியவில்லை. ஈரக் கோட்டில் கால் வைத்தால் வாளியால் அடிக்கும் முதலாளிகளிடம் வேலை பழகிய கால் அது. இப்போதோ அந்தக் கோட்டின் மேல் கால் படும்போதெல்லாம், பொய்யின் மேல் நிற்பது போல அவருக்கு உடம்பு கூசியது.

விதி கேட்பதை மட்டும் அவர் விடவில்லை. "ஏம்மா, கோர்ட்டு கொஞ்சம் பெருசா இருந்தா தப்பா?" "கோட்டுக்கு அகலம் கூடலாமா குறையலாமா?" "ஒருத்தர் வீட்டு மொட்டைமாடியில ஆடுறாங்க, அங்க அளவு முன்னப்பின்ன இருந்தா ஆட்டம் செல்லாதா?"

கோச்சம்மா பொறுமையாகப் பதில் சொன்னாள். மொட்டைமாடியில் எப்படி வேண்டுமானாலும் ஆடலாம், போட்டி என்றால் முடியாது. "ஆனா பாருங்க, இந்த வகுப்புலயே நீங்க ஒருத்தர்தான் கோர்ட்டைப் பத்தி யோசிக்கிறீங்க. மத்தவங்கல்லாம் காத்துல ஷட்டிலைத்தான் பார்க்கிறாங்க" என்று பாராட்டினாள்.

அந்தப் பாராட்டு அவருக்கு மூன்று நாள் சோறு இறங்கவிடவில்லை.

வீட்டில் மனைவி கேட்டுப் பார்த்தாள். "கண்ணு உள்ள போயிடுச்சு. வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்? விளையாடப் போறவங்க முகம் இப்படியா இருக்கும்?"

"ஒண்ணுமில்ல. கிளியர் வரலை."

"வரலைன்னா விட்டுத் தொலைங்க. அது வந்து என்ன பண்ணப் போகுது?"

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் கிளம்பினார். மானேஜரின் அறைக் கதவு வரை இரண்டு முறை போய்விட்டார். முதல் முறை, அவர் யாரிடமோ போனில், "கோடா? நம்ம மேஸ்திரி போட்டது. கண்ணை மூடிக்கிட்டு அவரைக் கூப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை அறையில் ஆளே இல்லை. ஆள் இல்லாததற்கு மேஸ்திரி நன்றி சொல்லிக்கொண்டு திரும்பினார்.

இந்த நாட்களில் அவர் கண்ணுக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. வெள்ளைக் கோட்டைப் பார்த்தால், அதற்கு உள்பக்கம், சரியாக அதை ஒட்டி, இருக்க வேண்டிய கோடு தெரிந்தது. பச்சைத் தரைதான். ஆனால் அவருக்கு அங்கே ஒரு கோடு, நாலு சென்டி அகலத்தில், மூலைமட்டம் வைத்தது போலத் துல்லியமாக ஓடியது. ஒவ்வொரு ஷட்டில் விழும்போதும் அந்தக் கோட்டை வைத்துத்தான் கண் தானாகத் தீர்ப்புச் சொன்னது. இது உள்ளே, இது வெளியே, இதுவும் வெளியேதான், ஆனால் அவர்கள் உள்ளே என்கிறார்கள்.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கையில், புதன்கிழமை காலை, கோச்சம்மா வகுப்புக்கு ஒரு முழு ஆட்டம் வைத்தாள். மேஸ்திரியும் சகலையும் ஒரு பக்கம். பல் டாக்டரும் டீச்சரும் எதிர்ப் பக்கம். நடுவர் கிடையாது. நடுவர் இல்லாத ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஷட்டில் யார் பக்கம் விழுகிறதோ, அவர்களே உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டும். எதிர்ப் பக்கம் அதை நம்ப வேண்டும். "நேர்மை அவங்கவங்க பக்கத்துல" என்று சொல்லிவிட்டு கோச்சம்மா ஓரமாக உட்கார்ந்தாள்.

யாரும் நினைக்காதபடி ஆட்டம் நெருக்கமாகப் போனது. மேஸ்திரியின் டிரைவ் மூன்று முறை டாக்டரின் தோளை உரசிக்கொண்டு பறந்தது. கடைசியில் எதிர்ப் பக்கம் இருபது, இவர்கள் பத்தொன்பது. இன்னும் ஒரு பாயின்ட் போனால் ஆட்டம் போச்சு.

டாக்டர் சர்வீஸ் போட்டார். சகலை வலைக்குப் பக்கத்தில் தொப்பையோடு முட்டிபோட்டு எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதை உயரமாக, நிதானமாக, சகலையின் தலைக்கு மேலே அனுப்பினார். பின்னால் மேஸ்திரி. அவர் மட்டையைத் தூக்கினார், பின்னால் நகர்ந்தார், தூக்கிய மட்டையை அப்படியே நிறுத்திக்கொண்டார். ஷட்டில் அவரைத் தாண்டிப் போய் பின்கோட்டின் வெள்ளை மேல் விழுந்தது.

"அவுட்" என்றார் மேஸ்திரி.

வாய் சொல்லிவிட்டது. கண் பார்த்ததை வாய் சொன்னது, அவ்வளவுதான்.

 டாக்டர் வலைக்கு வந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஷட்டில் இன்னும் வெள்ளை மேலேயே, வெள்ளைக்கு நட்டநடுவிலே கிடந்தது.

"மேஸ்திரி" என்றார் டாக்டர். "நீங்க போட்ட கோடு. அதும் மேலயே உக்காந்திருக்கு."

"அவுட்தான் டாக்டர்."

"என்ன மேஸ்திரி இது, ஒரு பாயின்ட்டுக்காகவா?" என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. அது இன்னும் மோசம்.

சகலை ஓடிவந்து அவர் தோளில் கை போட்டார். காதுக்குள், "'இன்'னு சொல்லிடு சகலை, மானம் போகுது" என்றவர், எதிர்ப் பக்கம் பார்த்து உரக்கச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்குக் கண்ணு இப்போ கொஞ்சம் மங்கல். கிட்டப் பார்வை சரியா இல்ல. வயசாகுதில்ல?"

வழி திறந்துதான் கிடந்தது. ஆமாம் என்று ஒரு தலையாட்டல். கிழவனுக்குக் கண் தெரியவில்லை என்று நாலு பேர் சிரித்துவிட்டுப் போவார்கள். சனிக்கிழமை அளக்க யாரும் வராமலும் போகலாம்.

மேஸ்திரிக்குக் காது மடல் சூடேறியது. திருட்டு ஆட்டம் ஆடுகிறான் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். கண் மங்கலாம்! ஐந்து கிலோமீட்டர் சாலையை நூல் இல்லாமல் கண்ணால் பார்த்தே நிமிர்த்திய கண்!

"என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல" என்றார் அவர். "கோடுதான் தப்பு. இது இங்க இருக்கக் கூடாது. நாலு சென்டி உள்ள இருக்கணும்."

கோச்சம்மா எழுந்தாள். "என்ன சொல்றீங்க?"

"டேப்பைக் கொண்டாம்மா."

அவள் கொண்டுவந்தாள். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை அவர் பிடித்தார். வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம், பதின்மூன்று மீட்டர் நாற்பத்தெட்டு. அவள் இரண்டாவது கோர்ட்டுக்கு நடந்தாள். அங்கேயும் அதே நாற்பத்தெட்டு. இரண்டு கோர்ட்டிலும் தப்பு ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லாமல் ஒரே மாதிரி இருந்தது.

அவள் டேப்பைச் சுருட்டவில்லை. கையில் தொங்கவிட்டபடியே கேட்டாள்.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"கோட்டுல பட்டா 'இன்'னு நீ சொன்னியே, அன்னைக்கு."

"மூணு வாரமா!" அவள் குரல் உயர்ந்தது. "மூணு வாரமா பசங்க இந்தக் கோட்டுக்கு அடிச்சுப் பழகியிருக்காங்க. பின்னாடி எவ்வளவு தூரம்னு கை பழகியிருக்கு. சனிக்கிழமை வெளியேருந்து ஆளுங்க வராங்க. நீங்க தினம் வந்து, கிளியர் எப்படி, டிராப் எப்படின்னு..."

மேஸ்திரி குனிந்து, வெள்ளை மேல் கிடந்த ஷட்டிலை எடுத்தார். 

டாக்டர் மெல்ல இருமினார். "அப்போ... அந்தப் பாயின்ட்டு யாருக்கு?"

"கோர்ட்டே தப்புன்னா ஆட்டமே கணக்கில்ல" என்றார் சகலை வேகமாக. "மூணு வாரமா நாங்க தோத்ததெல்லாம் கோர்ட்டு பெருசா இருந்ததாலதான்."

"உங்களுக்கும் எங்களுக்கும் அதே கோர்ட்டுதானே?" என்றார் டீச்சர்.

கோச்சம்மாவுக்குக் கோபத்திலேயே சிரிப்பு வந்து, அதை அடக்கிக்கொண்டாள். "லெட்" என்றாள். அந்தப் பாயின்ட்டு யாருக்கும் இல்லை, மறுபடி ஆடுங்கள் என்று அர்த்தம்.

மறுபடி ஆடினார்கள். மேஸ்திரி அடித்த கிளியர் வலையிலேயே போய் மோதியது. தோற்றார்கள். மட்டையைச் சகலையிடம் கொடுத்துவிட்டு அவர் நேராக மானேஜர் அறைக்குப் போனார். இந்த முறை கதவைத் தட்டினார், உள்ளே ஆள் இருந்தார்.

மானேஜர் முழுவதையும் கேட்டார். சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"சனிக்கிழமை எட்டு மணிக்கு முதல் ஆட்டம்" என்றார்.

"ரெண்டு நாள் கோர்ட்டை எனக்கு விடுங்க. பழைய கோட்டைப் பச்சையால மூடி, காயவிட்டு, வெள்ளை போட்டுடுவேன். என் செலவு, என் ஆளு."

"அந்த ஆறு கோர்ட்டு விஷயத்தை இப்போ பேச வேணாம் மேஸ்திரி."

"நான் கேக்கலையே."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "இதுக்கா மூணு வாரம் சாப்பிடாம கிடந்தீங்க? நான் என்னென்னமோ நினைச்சேன்" என்றாள். என்ன நினைத்தாள் என்று அவர் கேட்கத் துணியவில்லை.

வியாழன் முழுவதும் பச்சை. அன்று பார்த்து வானம் மூடிக்கொண்டது. காற்றில் ஈரம். காய வேண்டியது காயாமல் விரலில் பிசுபிசுத்தது. அரங்கத்தில் இருந்த காற்றாடிகளை எல்லாம் தரைக்குக் கொண்டுவந்து திருப்பிவைத்தார். சகலை கடையை அடைத்துவிட்டு வந்து, ஒரு காற்றாடியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நகர்ந்தார். வெள்ளிக்கிழமை அளக்கும்போது டேப்பின் மறுமுனையைக் கோச்சம்மா பிடித்தாள். "பதின்மூணு நாப்பது" என்று அவள் படித்தாள். "இன்னொரு தரம் படிம்மா" என்றார் அவர். படத்தின் அடியில் இருந்த ஆங்கில வரிகளையும் அவளைப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் கேட்டுக்கொண்டார். அந்த வரிகளில் அவருக்குத் தெரியாதது இன்னும் இரண்டு இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு வாசலில் பைகளோடு ஆட்கள் கூடிவிட்டார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர், கையில் டேப்போடு, கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மானேஜர் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி திரும்பினார்.

"ஆச்சா மேஸ்திரி? காஞ்சிடுச்சா?"

மேஸ்திரி இரண்டாவது கோர்ட்டின் மூலையில் குந்தி, புறங்கையைக் கோட்டின் மேல் மெல்ல வைத்து எடுத்துப் பார்த்தார். கையில் மெலிதாக வெள்ளை ஒட்டியிருந்தது.

"முதல் கோர்ட்டு ஆச்சு. இந்த மூலை இன்னும் காயல" என்றார். "பத்து மணிக்கு முன்னாடி இந்தப் பக்கம் யாரையும் விடாதீங்க."

மானேஜர் கோச்சம்மாவைப் பார்த்தார். அவள் கையிலிருந்த தாளில் எதையோ அடித்து, எதையோ மாற்றி எழுதினாள். கதவு திறந்தது. டேப்போடு இருந்தவர் முதல் கோர்ட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். மேஸ்திரி எழுந்திருக்கவில்லை. குந்தியபடியே அந்த மனிதரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.